ஒரு பாடவேளை முழுதும் ஒரே சொல்

ஒன்பதாம் வகுப்பில், ஆங்கிலப் பத்தியொன்றைத் தமிழாக்கும்படி எங்கள் ஆசிரியர் பணித்தபோது, மீன்களைப் பற்றிய வரியில் வந்த 'ஸ்கூல்' என்ற சொல்லை நான் 'மீன்களின் பள்ளிக்கூடம்' என்று எழுதிவிட்டேன். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் பத்தியை அப்படியே நிறுத்திவைத்தார்.

மீன்கூட்டத்தைக் குறிப்பது டச்சு மொழி வழியாக வந்தது. அங்கே அதற்குத் திரள் என்பது பொருள். ஆங்கிலத்தில் மீன்களுக்கே வழங்கும் 'ஷோல்' அதற்கு உறவுச் சொல். நாம் படித்த இடத்தின் பெயரோ, கிரேக்கத்தில் 'ஸ்கொலே' எனத் தோன்றி, இலத்தீனில் 'ஸ்கொலா' ஆகி, பழைய ஆங்கிலக் காலத்திலேயே அம்மொழியில் குடியேறிவிட்டது. 'ஸ்கொலே' என்றால் ஓய்வு. அதைக் கேட்ட வியப்பு இன்றும் என்னிடம் குறையவில்லை. பிழைப்புக்கான உழைப்பிலிருந்து விடுபட்ட பொழுதைக் குறித்த அச்சொல், அப்பொழுதில் நிகழும் உரையாடலுக்கும், பின்னர் விரிவுரைக்கும், அது நடக்கும் இடத்துக்கும், ஓர் ஆசானைச் சூழ்ந்த மாணாக்கர் குழுவுக்கும் பெயராக வளர்ந்தது. ஒரே கொள்கையுடைய சிந்தனையாளரை ஆங்கிலத்தார் இன்றும் 'ஸ்கூல்' என்று சுட்டுவது அதனால்தான். அலுவலைக் கிரேக்கர் 'அஸ்கொலியா', அதாவது ஓய்வின்மை, என்றே அழைத்தனர். ஓய்வு பெறுவதற்காகவே அலுவலில் ஈடுபடுகிறோம் என்று அரிஸ்டாட்டில் எழுதியதை அந்த இணைச்சொற்களோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் அழுத்தம் விளங்கும். உரோமரின் தொடக்கப் பள்ளிக்கு 'லூடுஸ்' என்று பெயர்; அதன் பொருள் விளையாட்டு.

பிறகு ஆசிரியர் தமிழுக்குத் திரும்பினார். பள்ளி என்றால் படுக்கை, துயிலுமிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகிய சொற்களில் அப்பொருள் மறையாமல் இருக்கிறது. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களும் பள்ளி எனப்பட்டன. அங்கே கல்வியும் நடந்ததால் அப்பெயர் கல்விச்சாலைக்கு உரியதாயிற்று. ஓய்வும் துயிலும் இவ்வளவு அருகில் வந்து நின்றதும், இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவைதாமே என்று நாங்கள் ஆவலோடு கேட்டோம். அவர் உறுதியாக மறுத்தார். இரு மொழிகள் தனித்தனி வழிகளில் நடந்து அண்மையான பொருள்களைத் தொட்டிருக்கின்றன என்றும், பொருள் ஒத்திருப்பதைக் கொண்டு சொற்களுக்கு உறவு கற்பிக்கலாகாது என்றும் விளக்கினார். சொல்லாராய்ச்சியில் நான் கற்ற முதல் நெறி அதுவே.

மணி அடித்தபோது பத்தியில் எட்டு வரிகள் எஞ்சியிருந்தன. என் ஏட்டில் 'பள்ளிக்கூடம்' என்பதை அடிக்காமல், அதன் அருகில் 'மீன்கூட்டம்' என்று மட்டும் எழுதித் தந்தார்.