பிளாஸ்டிக் உறையைக் கிழித்த கதை

இந்த செமஸ்டருக்கு மூன்று புத்தகங்கள். ஒன்று நூலகத்தில் கிடைத்தது, இன்னொன்றைச் சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். மூன்றாவது புள்ளியியல். அதற்காகக் கல்லூரிப் புத்தகக் கடைக்கு நான்கு முறை நடந்தேன்.

அலமாரிச் சீட்டில் 'கட்டாயம்' என்று போட்டிருந்தது. புத்தகமும் ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்குள் நுழைவதற்கான ஆக்சஸ் கோடும் (குறியீடு) சேர்ந்த கட்டு. விலையைப் பார்த்ததும் கை தானாகப் பக்கத்திலிருந்த பழைய பிரதிக்குப் போனது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. அறைக்கு வந்து அட்டையைத் திருப்பினால், குறியீட்டின் மேல்பூச்சு ஏற்கெனவே சுரண்டியிருந்தது. ஒருவர் ஒருமுறை பதிந்துவிட்டால் அது அவ்வளவுதான். குறியீட்டை மட்டும் தனியாக வாங்கலாம். ஆனால் அதோடு பழைய பிரதியின் விலையைக் கூட்டினால் புதுக் கட்டையே தாண்டியது.

இரண்டாவது நடை, ரசீதை மறந்ததால் வீண். மூன்றாவதில் பழையதைத் திருப்பிக் கொடுத்துப் புதுக் கட்டை வாங்கி, வந்த வேகத்தில் உறையைக் கிழித்தேன். (குறியீட்டைச் சுரண்டவில்லை. அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.)

மறுநாள் முதல் வகுப்பு. "என் பிரிவுக்குக் கோட் எதுவும் வேண்டாம், முந்தைய பதிப்பே போதும்" என்றார் பேராசிரியர். கடைச் சீட்டு எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக ஒட்டியதாம். ஒரு வாரம் முன்பே அவருக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நீங்களாவது போடுங்கள்.

நான்காவது நடை. கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உறை பிரித்ததை எடுக்க மாட்டோம். ரசீதுக்குப் பின்னால் போட்டிருக்கிறது." போட்டுத்தான் இருந்தது, பொடி எழுத்தில், ஏழாவது வரியாக.

அப்புறம் முந்தைய பதிப்பைத் தேடும் படலம். சீட்டிலிருந்து எழுதி வைத்த ஐ.எஸ்.பி.என். எண்ணை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணை, போட்டுத் தேடினால் புதுக் கட்டுகள் மட்டுமே வந்தன. கட்டுக்கு ஒரு எண், உள்ளே இருக்கும் புத்தகத்துக்கு வேறு எண் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பதிப்பு மாறினாலும் எண் மாறும், கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும்கூட வேறு வேறு. கடைசியில் ஒரு பழைய பாடத்திட்டத் தாளில் முந்தைய பதிப்பின் எண் 10 இலக்கத்தில் கிடைத்தது. 2007இல் 13 இலக்கத்துக்கு மாறினார்களே என்று முன்னால் 978 ஒட்டித் தேடினேன், ஒன்றும் வரவில்லை. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண்ணாம். 978 சேர்த்தால் அதையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். பத்து இலக்கத்தை அப்படியே போட்டதும் வந்துவிட்டது. விலை, புதுக் கட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

ஒரு எச்சரிக்கை: பதிப்பு மாறினால் பாடம் மாறுகிறதோ இல்லையோ, பயிற்சிக் கணக்குகளின் வரிசை மாறிவிடும். முதல் வாரம் ஐந்து கணக்குகளையும் தப்பாகப் போட்டுக் கொடுத்தேன். இப்போது நூலகத்துப் புதுப் பிரதியோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

சரி, கிழித்த கட்டு? இரண்டாவது வாரம் அதே அலமாரி முன்னால் ஒரு மாணவி சீட்டைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார். அவருடைய பிரிவுக்குக் குறியீடு நிஜமாகவே வேண்டும். சுரண்டாத பூச்சைக் காட்டினேன். முக்கால் விலைக்குப் பேசி முடித்தோம். பணத்தைக் கொடுக்கும்போது, உறை ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டார். ரசீதைத் திருப்பி ஏழாவது வரியைக் காட்டினேன்.