வராதவர்களின் கணக்கு

“நோயாளி வராதது என் தப்பா அக்கா?”

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு, எங்கள் மனநலக் கிளினிக்கில் என்னிடம் பயிற்சிக்கு வந்த நர்ஸ் கேட்டது இது. நான் சொன்ன பதிலும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “உன் தப்பு இல்லம்மா. ஆனா வராத நோயாளிய நீ பார்த்ததா நான் எழுத முடியாது.” சொன்னபோது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அந்தப் பதிலில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் பாத்திரம் கழுவும்போதும் சிக்னலில் காத்திருக்கும்போதும் அவள் கேள்விதான் காதில் விழுகிறது. என் பதில் விழுவதில்லை.

விஷயம் 36 மணி நேரம். அந்தப் பருவத்தில் அவள் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சியில் 250 மணி நேரம் முடிக்க வேண்டும். பதிவில் 250 இருந்தது. நான் சரிபார்த்தபோது 214தான் தேறியது. மீதி நேரத்திலும் அவள் கிளினிக்கில்தான் இருந்தாள். எட்டு மணிக்கு வந்தாள், ஐந்து மணிக்குப் போனாள். நோயாளிகள்தான் வரவில்லை. மனநலக் கிளினிக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. பத்து பேருக்கு நேரம் கொடுத்தால் மூன்று நாற்காலி காலியாகக் கிடக்கும் நாட்கள் உண்டு. மழை பெய்தால் நான்கு.

அவள் படித்தது முதுகலைக்குப் பிறகான சான்றிதழ் படிப்பு. ஏற்கெனவே முதுகலை முடித்த நர்ஸ், இன்னொரு முதுகலை படிக்காமல், இல்லாததை மட்டும் படித்துச் சிறப்புத் துறைக்குப் போகும் வழி. நானும் அந்த வழியாக வந்தவள்தான். 2014 முதல் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸாக, இருந்தேன். என்னிடம் சர்க்கரைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தூக்கம் வரவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றுதான் பேசினார்கள். அமெரிக்காவில் 2008ல் வந்த ஒழுங்குமுறை மாதிரிப்படி, எந்தப் பிரிவு மக்களுக்காகப் படித்தோமோ அந்தப் பிரிவுக்குத்தான் உரிமம். ஆசை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது என்று மனநலப் பக்கம் தாவிவிட முடியாது. அதனால் 2020ல் மனநலச் சான்றிதழை முடித்தேன். நோய்க்கூறு, உடல் பரிசோதனை, மருந்தியல் மூன்றும் என் பழைய மார்க் பட்டியலில் இருந்ததால் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. அவளுடைய முதுகலை நர்சிங் கற்பிக்கும் துறையில். அதனால் மருந்தியலை முதலிலிருந்து படித்தாள், வார இறுதியில் மருத்துவமனை நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு.

எனக்குப் படிப்பு முழுவதற்கும் 500 மணி நேரப் பயிற்சி போதுமாக இருந்தது. 2022ல் வந்த தேசியத் தரநிலைகள் குறைந்தபட்சத்தை 750 ஆக்கிவிட்டன. அவளுக்கு 750. ஆகவே, ‘நான் பட்டேன், நீயும் படு’ என்று சொல்லக்கூட எனக்கு வாயில்லை. நான் பட்டது அவளைவிடக் குறைவு.

அவள் என்னிடம் வந்து சேர்ந்ததே ஒரு பாடு. நேரடிப் பயிற்சிக்கு ப்ரிசெப்டரை, அதாவது பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவரை, மாணவியே தேடிக்கொள்ள வேண்டும் என்று பல நர்சிங் பள்ளிகள் விட்டுவிடுகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளுக்கு எழுதிப் பார்த்திருக்கிறாள். ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டிருக்கின்றன. கடைசியில் கோயிலில் பொங்கல் வாங்கும் வரிசையில் யாரோ என் பெயரைச் சொல்லி, மறுநாள் போன் செய்தாள். “மேம், நீங்களும் மதுரைப் பக்கம்னு சொன்னாங்க.” நான் சரி என்றேன். கிளினிக்கில் எல்லோர் முன்னாலும் ‘மேம்’, சாப்பாட்டு அறையில் ‘அக்கா’.

வேலையில் அவள் எப்படி என்று கேட்டால் மார்ச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை பத்து மணி நோயாளி வரவில்லை. கூரை வேலை செய்பவர், ஐம்பது தாண்டியவர். பல வருடமாக லித்தியம் என்ற மனநல மருந்தில் நிதானமாக இருந்தவர். வராதவர்களுக்கு வரவேற்பில் இருப்பவர்தான் போன் செய்வார், இன்னொரு தேதி கொடுப்பார், அவ்வளவுதான். அன்று அவள், “நான் பேசட்டுமா?” என்று வாங்கிக்கொண்டாள். நான் என் திரையில் குறிப்பு எழுதிக்கொண்டே அரைக் காதில் கேட்டேன். வயிறு சரியில்லை, அதனால்தான் வரவில்லை என்றிருக்கிறார். நானாக இருந்தால் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி வைத்திருப்பேனோ என்னவோ. அவள் வைக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதினாள். அந்தத் தாள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. ‘வயிற்றுப்போக்கு 4 நாள்.’ அதன் கீழே, ‘காபி கப் பிடிக்க முடியல.’ அதன் கீழே, ‘முட்டி வலி’. கடைசி வரியில் இரண்டு அடிக்கோடு: ‘இபுப்ரூஃபன் 800 — 3 வேளை — 10 நாள்’.

லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்த வழியைச் சுருக்கிவிடும். போதாததற்கு வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கிறது. அவள் தாளை என் பக்கம் தள்ளியபோது ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனை வாங்கி, உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னேன், காரை மனைவி ஓட்டட்டும் என்றேன். ரத்தத்தில் லித்தியம் 2.3 இருந்தது. நாங்கள் 1.2க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. சலைன் ஏற்றி, நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த அழைப்பு ஒரு ‘நோ-ஷோ’ நேரத்தில் நடந்தது. ஏப்ரலில் நான் கணக்குப் பார்த்தபோது அந்தக் காலி மணியிலிருந்து 20 நிமிடத்தை மட்டும் எடுத்து நேரடிப் பராமரிப்பில் சேர்த்தேன். போனில் பேசியது நேரடிப் பராமரிப்பு ஆகுமா என்று நான் பள்ளியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதாவது 20 நிமிடத்துக்கு நான் ஏற்கெனவே வளைந்திருக்கிறேன். 36 மணி நேரத்துக்குத்தான் நிமிர்ந்து நின்றேன். இதை எப்படிச் சொன்னாலும் எனக்கே நியாயமாகக் கேட்கவில்லை.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டெக்ஸஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத ஒரு மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும். ஆனால் அந்த மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. மாதம் ஒரு முறை கூடிப் பேசினால் போதும். மிச்ச நாளெல்லாம் அறையில் அவளும் நோயாளியும்தான். பக்கத்தில் ஒருவர் நின்று, ‘இந்த அளவு வேண்டாம், பாதியில் ஆரம்பி’ என்று சொல்லும் காலம் இந்த 750 மணி நேரம் மட்டும்தான். நான் கையெழுத்துப் போட்டால் அது முடிந்தது என்று பொருள். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளை வராத நோயாளியிடம் கேட்டுப் பழக முடியாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று முதல் பத்துப் பேரிடம் கேட்கும்போது குரல் நடுங்கும். முப்பதாவது ஆளிடம்தான் அது சாதாரணமாக வரும். 36 மணி நேரம் என்றால் அப்படி எத்தனை பேர்? இதை நான் மனமார நம்புகிறேன்.

அப்புறம் 2020 வசந்தம் நினைவுக்கு வருகிறது. கோவிட் வந்து கிளினிக் காலியாகிவிட்ட வாரங்கள். வீடியோவில் பார்க்கும் ஏற்பாடு இன்னும் சரியாக அமையவில்லை. என் ப்ரிசெப்டர், வயதானவர், முகக்கவசம் போட்டுக்கொண்டு அறையின் அந்த மூலையில் உட்காருவார். நான் இந்த மூலையில். பழைய நோயாளிகளின் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, “இவர் உள்ளே வரும்போது என்ன கவனிப்பாய்?” என்று கேட்பார். நடை, சட்டைப் பித்தான், பதில் வரத் தாமதிக்கும் நேரம். மனநிலைப் பரிசோதனை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் காலி அறையில்தான். மாதக் கடைசியில் அவர் என் தாளில் முழு நேரத்துக்கும் கையெழுத்துப் போட்டார். அவர் தவறு செய்ததாக ஒருநாளும் நான் நினைத்ததில்லை. நல்ல மனுஷி என்றுதான் இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. அன்று சொல்லியிருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

அவள் வாதாடினாள், அழவில்லை. ஜனவரியில், அவள் வந்து சேர்ந்த மாதத்தில், லொரெட்டா ஃபோர்டு 104 வயதில் காலமான செய்தி வந்தது. 1965ல் கொலராடோவில் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியவர். அன்று மதியம் இருவரும் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அவரைப் பற்றித்தான் பேசினோம். ஏப்ரலில் அதை எடுத்து என் முன் வைத்தாள். “அந்தம்மா ஆரம்பிச்சப்ப இப்படி நிமிஷக் கணக்கா பார்த்தாங்க? டாக்டர் இல்லாத இடத்துல ஜனங்களப் பார்க்கணும்னுதானே ஆரம்பிச்சாங்க. எனக்கு ஆகஸ்ட்ல வேலை இருக்கு அக்கா. அந்த ஊர்ல மனநலத்துக்கு ஆளே இல்ல.” அது உண்மை. அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன சமூக நலக் கிளினிக் இருக்கும் ஊரில், புதிய நோயாளிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்று எனக்கே தெரியும். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இன்னும் நான்கு நாள், ஐந்து நாள் கூட வைத்துக்கொண்டிருந்தால் 36 மணி நேரம் முடிந்திருக்கும். ஆனால் மே முதல் வாரம் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, மதுரைக்கு டிக்கெட் போட்டிருந்தேன். வேறு ப்ரிசெப்டர் என்றால் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் ஒப்பந்தம் போடவே வாரக்கணக்கில் ஆகும். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். அம்மாவும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். இந்த எண்ணம் எனக்கு வந்தது விமானத்தில் உட்கார்ந்த பிறகு.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பதிவைச் சரிபார்க்கும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. மாணவி எழுதுவாள், ப்ரிசெப்டர் ஒப்புதல் அழுத்துவார், அதுதான் வழக்கம். அந்த ஏப்ரல் வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு சாப்பாட்டு அறை வாசலில் அவள் தோழியிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. “ஹவர்ஸ் பத்தி எனக்குக் கவலை இல்லடி, நம்ம அக்காதான்.” அன்று இரவு வீட்டில் கிளினிக் அட்டவணையைத் திறந்து, அவள் பதிவைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டேன். நேர்மைக்காகச் செய்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பேச்சு காதில் விழாதிருந்தால் ஒப்பிட்டிருப்பேனா? வேறு ஊர்ப் பெண்ணாக இருந்து, ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாதவளாக இருந்தால்? அவள் சொன்னதில் ஏளனம் இல்லை. என்மேல் இருந்த நம்பிக்கையைத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது என் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று சொன்னது போலக் கேட்டது.

அவள் அந்தப் பருவத்தை முடிக்காமல் நிறுத்தி, வேறொருவரிடம் செப்டம்பரில் முடித்தாள். ஆகஸ்ட் வேலை வேறு யாருக்கோ போயிற்று. தேர்வுக்கு இப்போதுதான் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாள். ‘இனிய தீபாவளி வாழ்த்துகள் மேம்.’ விளக்குப் படம் ஒன்று. நான் பதிலுக்குப் பெரிதாக எழுத ஆரம்பித்து, அழித்து, ‘உனக்கும் குழந்தைகளுக்கும்’ என்று மட்டும் அனுப்பினேன்.

ஜனவரியில் என் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ப்ரிசெப்டராக 120 மணி நேரம் இருந்திருந்தால் அதையும் ஒரு தகுதியாகக் காட்டலாம். அவளோடு இருந்த காலம் அதற்குத் தாராளமாகப் போதும். நேற்று இரவு படிவத்தைத் திறந்தேன். தேதி, பள்ளி, துறை எல்லாம் நிரப்பிவிட்டேன். எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்ற கட்டத்தில் 250 என்று அடித்தேன், அத்தனை நேரமும் அவள் என்னோடுதானே இருந்தாள். பிறகு அதை அழித்து 214 என்று அடித்தேன். அதையும் அழித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.