சோடியம் 108

"உப்பு கம்மின்னா உப்ப ஏத்த வேண்டியதுதானே டாக்டர்? ஏன் சொட்டு சொட்டா விடுறீங்க?"

நியாயமான கேள்விதான். 135 இருக்க வேண்டிய சோடியம் 108. பிபிக்குக் கொடுத்த நீர் மாத்திரையின் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த அம்மா கண்ணைத் திறக்கிறார், மறுபடி அசந்துவிடுகிறார். 3 சதவீத உப்புக் கரைசல் தொங்குகிறது. நானோ பம்பின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

மாங்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குதில்லையா, வேகமாக ஏற்றினால் மூளைக்கும் அதே கதிதான் என்றேன்.

"அப்ப எங்கம்மா மூளைய ஊறுகாய்ங்கிறீங்களா?"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் சிரிக்கவில்லை.

சொன்னது பொய்யில்லை. செல்லின் சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும், சோடியத்தை அப்படி விடாது. ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தண்ணீர் செல்லுக்குள் போகும், செல் வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் மூளை செல்கள் முதலில் பொட்டாசியத்தையும், ஓரிரு நாளில் டாரின், இனோசிட்டால் போன்ற சிறு மூலக்கூறுகளையும் வெளியே தள்ளி வீக்கத்தை வடித்துக்கொள்கின்றன. அப்படிப் பழகிவிட்ட மூளையில் நாம் திடீரென்று ரத்த சோடியத்தை உயர்த்தினால் தண்ணீர் வெளியே பாயும்; தள்ளிய சரக்கை அதே வேகத்தில் திரும்பச் சேர்க்க செல்லால் முடியாது. மூளைத் தண்டில் நரம்பின் உறை சிதையலாம். சில நாள் கழித்துப் பேச்சு போகும், விழுங்க முடியாது, கைகால் வராது. மாங்காய்க்கு இந்த முன்கதை கிடையாது. ஆனால் நடு ராத்திரியில், பயந்து நிற்கிற மகனிடம் டாரினைப் பற்றியா பேசுவது?

சோடியம் 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். பொட்டாசியமும் குறைவாக இருந்தால் உறை சிதையும் ஆபத்து கூடும் என்பதால் அந்தக் கறார். வீக்கத்தால் வலிப்பு வந்திருந்தால் யோசிக்காமல் அந்தக் கரைசலில் 100 மில்லியை வேகமாக விட்டிருப்பேன்.

உறுத்துவது வேறு. சோடியம் குறைந்து எத்தனை நாளானது, மூளை பழகிவிட்டதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மகன் "ஒரு வாரமாவே சரியில்ல" என்றார். அதை நம்பித்தான் வேகத்தை முடிவு செய்தேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் நாம் சொல்வதும் 'ஒரு வாரமா'தானே? போதாததற்கு, மெதுவாக ஏற்றியவர்களுக்கும் அந்தச் சிதைவு வந்திருப்பதாகவும், மிக மெதுவாகப் போவதிலும் ஆபத்து இருப்பதாகவும் அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. அப்புறம் எந்தத் தைரியத்தில் அடித்துச் சொல்வது?

மூன்றாம் நாள் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சரி, ஆனால் அதை வைத்து என் வேகம்தான் சரி என்று சொல்லிவிட முடியாது. கிடுகிடுவென்று ஏறியும் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு நடந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.