அடுப்படிக்குச் சொந்தக்காரிகள்

ஜூலை 3, 2025, வியாழன்

பிரெஞ்சுச் சமையல்காரர் யூஜெனி பிராசியே பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். 1895இல் பிரான்சில், கோழிக்குப் பேர்போன பிரெஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதில் அம்மா போய்ச் சேர்ந்துவிட, பண்ணைகளில் மாடும் பன்றியும் மேய்க்கும் வேலைக்கு விட்டார்கள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகாமல் ஒரு மகன். அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். பிள்ளையை வேறொரு இடத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டு, லியோன் நகரத்தில் வீட்டு வேலைக்குப் போனார். கரண்டி பிடித்தது அந்த வீட்டில்தான்.

1933இல் இவருடைய இரண்டு உணவகங்களுக்கும் உணவகங்களைத் தரம் பார்க்கும் மிஷெலின் வழிகாட்டி தலா மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அதற்கு மேல் கிடையாது. ஆணோ பெண்ணோ, அதுவரை யாருக்கும் ஆறு கிடைத்ததில்லை. 1998இல்தான் இன்னொரு பிரெஞ்சுச் சமையல்காரர் அலென் துகாஸ் அதை எட்டிப் பிடித்தார். அப்போது அவர்தான் முதல் ஆள் என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. படித்ததும் வயிறு எரிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நான் நடத்தும் மெஸ்ஸுக்கு இன்று லீவு. நிதானமாக எழுதலாம்.

லியோனில் அந்தக் காலத்தில் பெண்கள் நடத்திய சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருந்தன. நம் ஊர் மாமி மெஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பணக்கார வீடுகளில் சமைத்த பெண்கள், அங்கே வேலை போனதும் சொந்தமாகக் கடை போட்டார்கள். அவர்களில் பெரிய பெயர் பிரான்சுவாஸ் ஃபிய்யு. அவரே மேசைக்கு வந்து, கையிலிருக்கும் சின்னக் கத்தியால் கோழியைத் துண்டு போட்டுப் பரிமாறுவாராம். பிராசியே அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கோழிதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டு, கிழியாமல் பிரிக்க வேண்டும். ட்ரஃபிள் என்ற கறுப்புக் காளானை மெல்லிய வில்லைகளாக அரிந்து உள்ளே செருக வேண்டும். அப்புறம் லீக் தண்டும் கேரட்டும் போட்ட சாற்றில், தளதளவென்று கொதிக்க விடாமல், தீயைத் தணித்து வேகவைக்க வேண்டும். வெந்த பிறகு வெள்ளைத் தோலுக்கு அடியில் கறுப்பு வட்டங்கள் தெரியும். மசாலா என்று எதுவும் கிடையாது. கோழி நல்ல கோழியாக இருக்க வேண்டும், கை பதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கையைப் பிராசியே அடுத்தவர் அடுப்பில் நின்றுதான் பழக்கிக்கொண்டார்.

1921இல் ரொயால் தெருவில் ஒரு பழைய மளிகைக் கடையைப் பிடித்து, 12,000 ஃபிராங்க் முதல் போட்டு, 15 பேர் உட்காரும் அளவில் கடை திறந்தார். அடுத்தது ஊருக்கு வெளியே லுயேர் கணவாயில். பின்னாளில் உலகமே கொண்டாடிய சமையல்காரர் பால் பொக்யூஸ், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தொழில் கற்க வந்து நின்றது அந்த மலைக்கடையில்தான்.

ஜூலை 9, புதன்

சாம்பார் வெங்காயம் விலை ஏறிவிட்டது. முழு நாளும் வேலை. படிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சின்ன மாமா வந்திருந்தார். "ஏம்மா, வீட்டோட மெஸ் நல்லாத்தானே ஓடுது, கடை எதுக்கு? அதுவும் ஆடி பிறக்கப்போகுது" என்றார். தில்லைநகரில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது என்று அண்ணி சொல்லிவிட்டார் போல. ஆடி போகட்டும் மாமா, ஆவணியில் பார்க்கலாம் என்றேன்.

மனதுக்குள் ஓடியது சென்னையில் உணவகம் நடத்திய பட்ரிசியா நாராயண் கதை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம், கணவருக்குப் போதைப்பழக்கம், கையில் இரண்டு பிள்ளைகள். ஊறுகாயும் ஜாமும் ஸ்குவாஷும் வீட்டிலேயே போட, அவருடைய அம்மா அலுவலகத்துக்கு எடுத்துப் போய் விற்றுக் கொடுத்தார். 1982இல் மெரினாவில், அண்ணா சதுக்கம் பக்கம் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. 50 பைசா. மறுநாளே வியாபாரம் பிடித்துக்கொண்டது.

பேட்டி எடுப்பவர்கள் அந்த 50 பைசாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கப்புறம் வந்த வருடங்கள்தான் முக்கியம். குடிசை மாற்று வாரிய கேன்டீன், அப்புறம் துறைமுக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் மாணவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. கேன்டீன் சமையல் என்பது தினமும் அதே நேரத்துக்கு, அதே அளவில், அதே ருசியில் போட்டாக வேண்டிய வேலை. ஒரு வேளை தவறினாலும் ஒப்பந்தம் ஆட்டம் காணும். அவருக்குக் கடை நடத்தக் கற்றுக் கொடுத்தது அதுதான் என்பது என் எண்ணம்.

2004இல் மகளும் மருமகனும் சாலை விபத்தில் போய்விட்டார்கள். உடல்களை ஏற்ற ஆம்புலன்ஸ் மறுத்தது. விபத்து நடந்த அச்சிறுபாக்கம் பகுதிக்குப் பிறகு அவரே ஓர் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். 2006இல் மகளின் நினைவாக, மகனுடன் சேர்ந்து 'சந்தீபா' உணவகத்தைத் தொடங்கினார். 2010இல் ஃபிக்கி என்ற இந்தியத் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருது.

ஜூலை 16, புதன்

கேட்டரிங் படிக்கும் அண்ணன் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அத்தை, இப்ப அப்படி இல்ல, படிச்சு மேல வரலாம்" என்றாள். கரிமா அரோராவைச் சொன்னாள். பத்திரிகை வேலையை விட்டு, பாரிஸில் படித்து, கோபன்ஹேகனில் நோமா என்ற பேர்பெற்ற உணவகத்தில் வேலை பார்த்து, 2017இல் பாங்காக்கில் 'கா' உணவகம் திறந்தவர். அடுத்த வருடமே மிஷெலின் நட்சத்திரம், இந்தியப் பெண்களில் முதல் ஆள். கிளேர் ஸ்மித்தையும் சொன்னாள். கார்டன் ராம்சேயின் லண்டன் உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர், 2017இல் தனியாக 'கோர்' திறந்தார், 2021இல் அதற்கு மூன்று நட்சத்திரம்.

அவள் சொல்வது சரிதான். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் சொந்தப் பெயர் நின்றது சொந்தக் கதவைத் திறந்த பிறகுதானே என்று கேட்டேன். திருச்சியில் எத்தனை ஹோட்டல் அடுப்படியை நான் பார்த்திருக்கிறேன். காய் அரிவது, மாவு அரைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் பெண்கள். அடுப்புக்கு முன்னால் மாஸ்டர், அவர் ஆண். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் தாளிக்கக்கூட விடமாட்டார்கள். நீ எங்கே வேலைக்குப் போனாலும் முதல் வருடமே அடுப்பைக் கேட்டு வாங்கு என்று அவளிடம் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

அஸ்மா கான். கொல்கத்தாக்காரர், இங்கிலாந்தில் குடியேறி, சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2012இல் லண்டனில் தன் வீட்டிலேயே ஆட்களை அழைத்துக் காசுக்கு விருந்து போடத் தொடங்கி, 2017இல் 'டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ்' திறந்தார். அடுப்படியில் முழுக்கப் பெண்கள். சமையல் பள்ளிப் பக்கமே போகாத, வீட்டில் சமைத்துப் பழகிய பெண்கள். பெரிய ஹோட்டலில் இவர்களுக்கு வேலையே கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைப் படித்ததிலிருந்து என் மெஸ்ஸில் காய் நறுக்கும் அக்கா ஞாபகம்தான். வந்த நாளிலிருந்து அரிவாள்மனையும் கையுமாகவே இருக்கிறார். அவர் வீட்டு மீன்குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன். புளி கரைக்கும் பதமும் கடைசியில் பச்சை மாங்காய் போடும் நேரமும் எனக்குக்கூட அப்படி வராது.

சாயங்காலம் போன் பண்ணினேன். புதன்கிழமை மீன்குழம்பு இனி அவருடையது, காய்க்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், சம்பளத்தை அடுப்பு வேலைக்குத் தக்கபடி பேசிக்கொள்வோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மீன் வாங்கவும் நானே வரேன்க்கா, நீங்க வாங்குற ஆள்கிட்ட வேணாம்" என்றார். சரி என்றேன். கடையைப் பற்றி அண்ணியிடம் நாளை பேச வேண்டும். அடுப்பு இரண்டு ஆள் நிற்கிற அகலம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்கச் சொல்லப்போகிறேன்.