பதினொரு நிமிடம்

"அண்ணே, அன்னைக்கு உடனே மூடுனீங்க. அடுத்த தடவ ஏன் பாத்துக்கிட்டே நின்னீங்க?"

லீவில் வந்திருந்தபோது தொண்டிக் கடற்கரையில் வைத்துக் கேட்டான். "அது வேற, இது வேற தம்பி" என்றேன். அவனும் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் என்னை உறுத்துகிறது.

முள்ளிமுனைப் பையன். காக்கிநாடா பக்கம் கடலில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கில் என் ஷிஃப்டில் ஃப்ளோர்மேன், தளத்தில் நின்று பைப் மாட்டுகிறவன். அடுத்து டெரிக்மேன், ஒருநாள் என்னைப் போல டிரில்லர் என்று ஆசை. அதனால் என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

முதல் தடவை, பைப் இணைப்பதற்காகப் பம்பை நிறுத்தியும் மட், அதாவது கிணற்றுக்குள் செலுத்தும் கனமான சேற்றுக் குழம்பு, மேலே வந்துகொண்டே இருந்தது. டேங்கில் ஐந்து பீப்பாய் கூடிவிட்டது. யாரையும் கேட்காமல் கிணற்றின் வாயை அடைக்கும் பி.ஓ.பி.யை மூடினேன். அப்புறம்தான் எனக்கு மேலே இருக்கும் டூல்புஷருக்குப் போன் அடித்தேன். மூடுவதற்கு டிரில்லர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிக் என்றால், பாறையிலிருந்து வாயு மட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்; ஒவ்வொரு நிமிடமும் கூடுதல் வாயு கிணற்றுக்குள் நுழையும், மேலே ஏற ஏற அது விரியும். 2010 ஏப்ரலில் அமெரிக்கக் கடலில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் செத்த கதையைச் சொல்லாத வெல் கன்ட்ரோல் வகுப்பு கிடையாது.

ஆனால் அன்று வந்தது கிக் இல்லை, பலூனிங். பம்பு ஓடும்போது பாறை வெடிப்புக்குள் புகுந்த மட், பம்பு நின்றதும் திரும்பி வந்திருக்கிறது. அதை உறுதிசெய்து வேலையைத் தொடங்க நான்கு மணி நேரம் போயிற்று. டூல்புஷர் சத்தம் போடவில்லை. "பயந்துட்டியா?" என்று மட்டும் இந்தியில் கேட்டார், எல்லோருக்கும் முன்னால்.

பையனின் அப்பா வத்தைப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். இந்தப் பக்கத்து அலை அடங்கிய பெண்கடலிலேயே வானம் கறுத்தால் வலையைப் பாதியில் வாரிக்கொண்டு திரும்பிவிடுவார். கரையில் நிற்பவர்கள் அவரிடம் அப்படிக் கேட்பதில்லை.

ஒன்பது நாள் கழித்து அதே மாதிரி மட் வந்தது. இந்தத் தடவை நான் மூடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். பலூனிங் என்றால் ஓட்டம் குறைந்துகொண்டே வரும், கிக் என்றால் கூடும். ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு மட் திரும்புகிறது என்ற கணக்கும் என்னிடம் இருந்தது. பதினொரு நிமிடத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. அதனால் நான் எடுத்தது அறிந்தெடுத்த முடிவுதான். இதை யாரிடமும் சொல்லி நிற்க முடியும்.

ஆனால் ஒன்பது நாளில் கிணறு ஆழமாகியிருந்தது. கடைசி ஐந்நூறு அடிப் பாறை எனக்குப் புதிது. பழைய கணக்கு அதற்கும் பொருந்தும் என்று யார் சொன்னது? அந்தப் பதினொரு நிமிடத்தில் என் காதில் ஓடியது கணக்கா, டூல்புஷர் கேட்ட கேள்வியா? எவ்வளவு யோசித்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் ஐந்து நிமிடம் நிச்சயமாகக் கணக்குதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் அதுவும் தோன்றுவதில்லை.

தப்பாக இருந்திருந்தால் ஃப்ளோரில் முதலில் நின்றிருப்பவன் அந்தப் பையன்தான். நான் டிரில்லரின் கண்ணாடி அறைக்குள் இருக்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே ஹெலிகாப்டரில் திரும்புகிறோம். உடனே மூடு, கேட்பவன் கேட்டுக்கொள்ளட்டும் என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைய ஷிஃப்ட் ரிப்போர்ட்டையும் சொல்ல வேண்டிவரும். "ஃப்ளோ செக் 15 நிமிடம், ஓட்டம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசி நான்கு நிமிடத்துக்கு அது உண்மை.