கழுதை உதைத்த நாட்கள்

நவம்பர் 11

பெரியப்பாவின் போன் என்னிடம் வந்து சேர்ந்தது. ஐசியூவுக்குள் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். கண்ணாடி, பல் செட், கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கவர் கைக்கு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே போன் அடிக்கிறது. "கேப்டன் சார், ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும் சார், ஆபரேஷன் நாளைக்கு." கேப்டன் உள்ளே படுத்திருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு அப்படிச் சொன்னேனோ.

நவம்பர் 12

கழுதை விஷயத்தை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் "என்னாச்சு அய்யா?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா "கழுதை உதைச்சிடுச்சு" என்றிருக்கிறார். காய்ச்சல், மூட்டு வலி, பல் பிடுங்கல் எதுவானாலும் டாக்டரிடம் அவர் சொல்லும் பதில் அதுதான். 1942-ல் பர்மாவில், சிட்டாங் ஆற்றுப் பக்கம், பின்னாளில் ராணுவத்தில் ஃபீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்‌ஷா உடம்பில் குண்டுகள் பாய்ந்து கிடந்தபோது, என்ன ஆயிற்று என்று கேட்ட சர்ஜனிடம் "கோவேறு கழுதை உதைத்துவிட்டது" என்றாராம். இந்த நிலைமையிலும் ஜோக் அடிக்கிறவனைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று சர்ஜன் கத்தியை எடுத்தாராம். ராணுவத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரியப்பாவுக்கு அது கதை இல்லை, வேதம். இவர் 1967-ல் ரெக்ரூட்டாகப் போய் நின்றது வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில். 2008 ஜூனில் மானெக்‌ஷா இறந்ததும் அதே வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில்தான். செய்தி கேட்டவுடன் சட்டையை மாற்றிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறிவிட்டார்.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். இன்று வந்த இன்னொரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த இடத்தில் உதைத்தது, தோல் கிழிந்ததா, கடிக்கவும் செய்ததா, ரேபிஸ் ஊசி போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்கிறார். வந்திருப்பது ஹார்ட் அட்டாக்.

"அது கழுதை இல்லை டாக்டர், மானெக்‌ஷா" என்றேன். அவர் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.

நவம்பர் 13

ஸ்டெண்ட் வைத்தாயிற்று. ஒன்று. இன்னொன்று பிறகாம்.

நவம்பர் 14

மணி இரண்டு. தூக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று யோசித்தால் அவர் மேல்தான்.

வலி மூன்று நாளாக இருந்திருக்கிறது. நெஞ்சை ஏன் பிடிச்சிக்கிறீங்க என்று பெரியம்மா கேட்டதற்கு "உள்ள எவனோ லெஃப்ட் ரைட் போடறான், ஸ்டெப் தப்பா போடறான்" என்றிருக்கிறார். பெரியம்மா சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இப்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "நான் சிரிச்சேனே, நான் சிரிச்சேனே" என்று அதையே சொல்லி அழுகிறார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "ஒரு வாரம் லீவு போட்டுடலாம்னு இருக்கு" என்றார். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆனவர் எதிலிருந்து லீவு போடுவார் என்று எனக்கு உறைக்கவில்லை. நானும் சிரித்தேன். எப்போதும் வேடிக்கையாகவே பேசுகிற மனிதர் வலிக்கிறது என்று சொன்னால் அது யார் காதிலும் ஏறாது, அது அவருக்கே தெரியும், தெரிந்துதான் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன். விடிந்ததும் முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன்.

நவம்பர் 15

கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 16

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸ் கால் வீங்கியிருக்கிறதா என்று போர்வையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது காலில் மூன்று விரல்தான்.

"மீதி ரெண்டு எங்கய்யா?"

"சியாச்சின்ல டெபாசிட் பண்ணியிருக்கேம்மா. கவர்ன்மென்ட் இன்னும் ரசீது தரல."

பனிக்கடியில் போன விரல்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்ததே அந்தக் காலை வைத்துத்தான். எட்டு வரை அவர் கால், அதற்கு மேல் எண்ண வேண்டுமானால் பெரியம்மா கால். விரல் இருந்த இடம் மெழுகு மாதிரி வழவழவென்று இருக்கும், தொட்டால் கூசாது, ஆனால் மழை வரும் முன்னால் இல்லாத அந்த விரல்கள் அரிக்கும் என்பார். அதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

இன்று அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18

பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் என்றால் உயிர்ச் சான்று. உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தரம் நிரூபிக்க வேண்டும். பெரியப்பாவின் விரல் ரேகை தேய்ந்துபோய் மூன்று வருஷமாக மெஷினில் விழுவதில்லை. போன தடவை அங்கிருந்த பையனிடம் "அப்போ நான் செத்துட்டேனா தம்பி, வீட்ல சொல்லிடட்டுமா" என்று கேட்டு அவனைப் பயமுறுத்திவிட்டு வந்தார். இப்போது முகத்தைக் காட்டினாலே போதும், போனிலேயே முடித்துவிடலாம். பெட்டில் சாய்த்து உட்காரவைத்து, மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, தலையைச் சீவிவிட்டு, என் போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். திரையில் பச்சை வட்டம். கண்ணைச் சிமிட்டுங்கள் என்று வந்தது.

சிமிட்டினார். ஏற்கவில்லை. இன்னொரு தரம். ஏற்கவில்லை. நர்ஸ் லைட்டைப் போட்டார். மூன்றாவது தரம் அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, அகலமாக ஒரு சிமிட்டல். ஏற்றுக்கொண்டது.

"இதுக்கு மேல உயிரோட இருக்க முடியாதுன்னு அவங்க கிட்ட சொல்லிடு" என்றார். மூச்சு வாங்கியது.

அடுத்த நவம்பர் வரை செல்லும்.

நவம்பர் 19

போன் ஆறு தடவை. எல்லாம் பிளேட்லெட். டெங்கு.

நவம்பர் 21

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுபோனேன். இதுவரை அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

65 வயது வரைதான் ரத்தம் எடுப்பார்கள். பெரியப்பா அந்தப் பிறந்த நாளுக்கு முந்தின நாள் போய்க் கடைசியாகக் கொடுத்துவிட்டு வந்து "ரெண்டாவது ரிட்டயர்மென்ட், இதுக்குப் பென்ஷனும் கிடையாது" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த நோட்டு. பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண் என்றால் அதிலிருந்து மூன்று மாதம், பெண் என்றால் நான்கு மாதம் கூட்டி, எப்போது கூப்பிடலாம் என்று பென்சிலில் ஒரு தேதி. இதெல்லாம் யாரும் எழுதுவதுதான். கடைசியில் ஒரு கட்டம் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார்.

"ஊசியைப் பார்க்கக் கூடாது. கிரிக்கெட் பேசு."

"மனைவிக்குத் தெரியாது. வீட்டு நம்பருக்கு அடிக்காதே."

"கடன் கேட்பான். கொடுக்காதே. ரத்தம் கொடுப்பான்."

"சிரிக்க மாட்டான். ஆனால் வருவான்."

"அப்பா இறந்தது அந்த ஆஸ்பத்திரியில். வேறு இடம் என்றால் மட்டும் கூப்பிடு."

இப்படி நாற்பது பக்கம். நானும் இத்தனை வருஷம் அவர் போனில் கெக்கெக்கே என்று பேசுவதைக் கேட்டுப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். "மாப்ளே, உன் ரத்தத்துக்கு ஒரு நல்ல இடத்துல சம்பந்தம் வந்திருக்கு" என்று ஆரம்பிப்பார். எதிரே இருப்பவன் மாட்டேன் என்றாலும் அவனுக்குக் கூச்சமாக இருக்காது, அடுத்த தடவை இவர் நம்பரைப் பார்த்து போனை அணைக்கவும் மாட்டான். அவருடைய ஜோக் எல்லாம் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் வருகிறவை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்கவே வராது. தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் சேர்த்து வைக்க முடியாது, ஆளை அப்போதைக்கப்போது பிடித்தாக வேண்டும். படுத்த வாக்கில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், நான் போன் போட்டேன். மூன்று பேர் கிடைத்தார்கள். என்னிடம் எவரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 22

டிஸ்சார்ஜ். வீடு.

நவம்பர் 24

காலை ஐந்தேகாலுக்கு கிரவுண்ட் பையன்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள், பதினொரு பேர். ராணுவ ஆள் சேர்ப்புக்குத் தயாராகிறவர்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க். பெரியப்பா தினமும் ஸ்டாப்வாட்சோடு கோட்டருகில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், கடைசியில் வருகிறவனைப் பார்த்து "வாங்க வாங்க, பத்திரிகை வெச்சாத்தான் வருவீங்களா?" என்பார்.

இன்று கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொருவனிடமும் நேரம் கேட்டார். ஒருவன் ஐந்து நாற்பது என்றான். "பொய் சொன்னாலும் ஐந்து இருபதுன்னு சொல்லக் கூடாதாடா, நெஞ்சு வலிக்காரனுக்கு." பையன் அழுதுவிட்டான். பெரியப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதற்கு மட்டும் அவரிடம் ஜோக் இல்லை. ஸ்டாப்வாட்சை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

நன்றாக இருக்கிறார். குளித்தார். இரண்டாவது ஸ்டெண்ட் ஜனவரியில்.

நவம்பர் 27

மூன்று ஐம்பது.

நவம்பர் 29

எழுதிவிடுகிறேன்.

பெரியம்மா என்னை எழுப்பவில்லை. லைட் எரிவதைப் பார்த்து நானாக எழுந்து போனேன். டாக்டர் வந்து பார்த்துச் சொன்ன பிறகு பெரியம்மா செய்த முதல் காரியம், ஃபேனை நிறுத்தியது. எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவர் இமைகளை மூடி, பஞ்சை நனைத்து இரண்டு கண்மேலும் வைத்து, தலைக்கு இன்னொரு தலையணையைக் கொடுத்தார். கண் காய்ந்துவிடக் கூடாது, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பெரியப்பா பல தடவை பாடம் நடத்தியிருக்கிறார் போல. ஒரு வார்த்தை பேசாமல் செய்தார். பஞ்சு காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தார். கண் வங்கிக்காரர்கள் ஆறு மணிக்கு வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள்.

பீரோவில் ஒரு ஃபைல். மேலே சிவப்பு மையில் "போஸ்டிங் ஆர்டர்" என்று எழுதியிருந்தது. உள்ளே மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் செய்த படிவம், சாட்சிக் கையெழுத்துகள், ஆதார் நகல் மூன்று. அதன் கீழே ஒரு தாள்:

"புதிய யூனிட்: அனாட்டமி டிபார்ட்மென்ட். பிள்ளைகள் விரலை எண்ணி எட்டு என்று சொன்னால் அவர்களை யாரும் திட்ட வேண்டாம். கணக்கு சரி."

"கொடி போர்த்த வேண்டாம். கொடிச் சட்டப்படி அது அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதைக்கு மட்டும். நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவன்."

யாரோ ஆசையாக ஒரு கொடி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்துத் தெரு ஹவில்தார் மாமா அந்தத் தாளை அவரிடம் நீட்டினார். அவர் படித்தார், கொடியை மடித்தார், மடிக்கும்போது சிரித்துவிட்டார், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அண்ணா வந்து சேர்வதற்குள் வேன் போய்விட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

டிசம்பர் 1

போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

டிசம்பர் 3

பென்ஷன் வேலை. இறப்புச் சான்றிதழ், குடும்ப பென்ஷனுக்கு விண்ணப்பம், பெரியம்மாவின் பெயர் ஒரு இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "போன மாசம்தானே உயிர்ச் சான்று கொடுத்திருக்கார்" என்றார். ஆமாம், கண்ணைச் சிமிட்டினார் என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டினார்.

டிசம்பர் 7

படைவீரர் கொடி நாள். 1949-லிருந்து டிசம்பர் 7. மறந்தே போய்விட்டது, பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்து "கேப்டன் சார் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை, பின்னால் பிரேயர் மணி மட்டும் கேட்டது. பிறகு "பிள்ளைங்க காசு கொண்டுவந்திருக்காங்க" என்றார்.

உண்டியலை எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம், மூன்று பட்டைக் குட்டிக் கொடிகள். குண்டூசி குத்தத் தெரியாமல் நான்கு பிள்ளைகளைக் குத்திவிட்டேன். ஒரு பெண் குழந்தை "தாத்தா கதை சொல்லிட்டுத்தான் குத்துவார்" என்றது. எனக்கு ஒரு கதைதான் தெரியும். ஒரு ஊர்ல ஒரு கழுதை இருந்துச்சு, என்று ஆரம்பித்தேன்.

டிசம்பர் 10

நோட்டில் என் பெயர் இருக்கிறது. 31-ஆம் பக்கம். பி பாசிட்டிவ். தேதிக் கட்டம் காலி. கடைசிக் கட்டத்தில்: "எடை போதவில்லை என்று பொய் சொல்லுவாள்."

டிசம்பர் 11

45 கிலோ இருந்தால் போதும். நான் 58.

டிசம்பர் 13

காலை நாலு நாற்பது. ஓ நெகட்டிவ், பிரசவம். இந்த முறை எடுத்தேன். தேதி பார்த்தால் ஒரே ஒருவர்தான் தேறுகிறார், சிரிக்க மாட்டான் ஆனால் வருவான். போன் போட்டேன். மாப்ளே என்றா கூப்பிட முடியும், சார் என்றேன். கேப்டன் போனிலிருந்து பேசுகிறேன் என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அவரே "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார், சொன்னேன். இருபது நிமிடம் என்றார். வைக்கும் முன்னால், "அவர் ஒண்ணு சொல்லுவாரே வழக்கமா, நீங்க சொல்லல" என்றார்.

என்ன சொல்லுவார் என்று கேட்டேன். சொன்னார். இதில் எழுத முடியாது, அவ்வளவு அசிங்கமான ஜோக். சொல்லும்போது அவரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 14

போனுக்கு சார்ஜர் வாங்க வேண்டும். பழையதை அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது.