கூபெல்வாகன் பெயிண்ட் வேலை: சுரண்டிப் பார்த்தப்ப கிடைச்ச கலர்

டிங்கரிங், வெல்டிங் எல்லாம் ஒருவழியா முடிஞ்சு வண்டி இப்ப பெயிண்டுக்கு வந்தாச்சு. புதுசா படிக்கறவங்களுக்கு: வண்டி என்னோடது இல்ல, இங்க ஜெர்மனில என்கூட வேலை பாக்கற நண்பரோடது. ஃபோக்ஸ்வாகன் டைப் 82, கூபெல்வாகன்னு சொல்வாங்களே அதேதான், ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் ராணுவம் ஓட்டின ஜீப் மாதிரி வண்டி, 1942 தயாரிப்பு. லீவு நாள்ல அவர் ஷெட்டுல போய் கையெல்லாம் கிரீஸ் ஆக்கிட்டு வர்றதுதான் நம்ம பொழுதுபோக்கு.

பெயிண்ட்னு பேச்ச எடுத்தாலே ஆளாளுக்கு ஒரு கலர் சொல்வாங்க. ஒருத்தர் சாம்பல்ம்பார், இன்னொருத்தர் மணல் மஞ்சள்ம்பார், மூணாவது ஆள் மூணு கலர் திட்டு போட்டாதான் பாக்க நல்லாருக்கும்பார். ஆனா அந்தக் காலத்து ராணுவ உத்தரவுகள எடுத்துப் பார்த்தா வருஷ வாரியா தெளிவா இருக்கு. 1937ல இருந்து கரும்சாம்பல்ல மூணுல ஒரு பங்கு கரும்பழுப்பு, 1940 நடுவுல பெயிண்ட மிச்சம் பிடிக்க பழுப்ப நிறுத்திட்டு வெறும் சாம்பல் மட்டும், 1943 பிப்ரவரில அடிக்கலரே கரும்மஞ்சள்னு மாத்தி அதுக்கு மேல திட்டு போட ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கொடுத்தாங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா சாம்பலும் கரும்பழுப்பும் கருப்பு வெள்ளை போட்டோல கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும், அதனால போலந்து சண்டைக்குப் போன வண்டி எல்லாம் ஒரே சாம்பல்னு ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தாங்க, இன்னும் மாடல் கிட் பெட்டி மேல அப்படித்தான் படம் வருது.

சரி, உத்தரவு ஒண்ணு சொல்லும், நம்ம வண்டி என்ன சொல்லுதுன்னு பாக்கணுமில்ல. அதுக்குத்தான் சுரண்டற வேலை. மட்கார்டு உள்பக்கம், கதவுக் கீலுக்கு அடில, டேட்டா பிளேட்டைக் கழட்டின இடம், பானட்டு மேல ஸ்டெப்னி உக்கார்ற இடம், இப்படி வெயிலும் அடுத்தடுத்த பெயிண்டர்களும் எட்டாத மூலைகள்தான் வேணும். 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டு வட்டமா தேய்ச்சு, போகப்போக 800, 1200னு மாத்திட்டே வந்தா ஒவ்வொரு கோட்டிங்கும் ஒரு வளையமா வெளிய வரும், வெங்காயத்தக் குறுக்கால வெட்டினா தெரியுமே அது மாதிரி. நமக்குக் கிடைச்சது வெளிய இருந்து உள்ள: யாரோ விவசாயி அடிச்ச நீலம், அதுக்கடில பளபளன்னு ஒரு பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் கரும்சாம்பல், கடைசில செங்கல் கலர் பிரைமர், அதுக்கடில தகரம். மேல் பரப்பு வெளுத்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும், அத வச்சு கலர் முடிவு பண்ணக்கூடாது, நல்லா பாலிஷ் பண்ணி ஒரு சொட்டு எண்ணெய் தடவினாதான் அசல் கலர் எட்டிப் பாக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது பானட்டுதான். ஸ்டெப்னி இருந்த இடத்துல மஞ்சளே இல்ல, வட்டமா சாம்பல் மட்டும், ஓரத்துல மஞ்சள் புகை மாதிரி மங்கி முடியுது. அதாவது 1943லயோ அதுக்கப்புறமோ யாரோ ஒரு ஆள் டயரைக் கழட்டக்கூட சோம்பேறித்தனப்பட்டு அப்படியே சுத்தி அடிச்சுட்டுப் போயிருக்கான். வலது கதவுல ஆலிவ் பச்சை கொஞ்சமா ஒட்டியிருக்கு, அதுவும் தகரத்துல அழுத்தின வரிகளோட கீழ்ப்பக்கம் மட்டும்தான், அப்ப ஸ்ப்ரே கன்ன தாழ்வா பிடிச்சு கீழ இருந்து மேல அடிச்சிருக்கணும். செம்பழுப்பு எங்கயுமே கிடைக்கல. அதனால மூணு கலர் ஆசைக்கு அங்கயே முழுக்குப் போட்டாச்சு, மஞ்சள் மேல பச்சை மட்டும்தான்.

அடுத்து கலர் வாங்கற கதை. சாம்பல் பிரச்சனையே இல்ல, ரால்னு ஜெர்மனில கலருக்கெல்லாம் நம்பர் போட்ட லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல 7021 இன்னிக்கும் இருக்கு, கடைல போய் நம்பர் சொன்னா கலக்கித் தர்றாங்க. டப்பாவத் திறந்தா கருப்போன்னு சந்தேகம் வரும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான், நீலம் தூக்கலா இருக்கற சாம்பல்தான் தப்பு. ஆனா கரும்மஞ்சள் ரால் 7028 இப்ப நடப்புல இருக்கற லிஸ்ட்லயே கிடையாது. முதல்ல அதுக்கு நம்பரே இல்லாம மாதிரி அட்டைய வச்சுத்தான் அடிச்சாங்க, நம்பர் பின்னாடி வந்துச்சு, அதுவும் 7000 வரிசைல, அதாவது சாம்பல் குடும்பத்துல. பேரு மஞ்சள்னாலும் எலுமிச்சை மஞ்சளா எதிர்பார்க்காதீங்க, காஞ்ச களிமண்ணுல லேசா பச்சை கலந்தாப்புல இருக்கும். ரெடிமேடா விக்கற சாம்பிள்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகல, அதனால பாலிஷ் பண்ணின கீல் துண்டையே கடைக்குக் கொண்டுபோய் மெஷின்ல ஸ்கேன் பண்ணி கலக்க வச்சோம்.

டூ-கே பெயிண்ட், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கற வகை, வேண்டாம்னு நான்தான் அடம் பிடிச்சேன். பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிடும். சிந்தெடிக் எனாமல்ல பளபளப்பக் குறைக்கற மேட் ஏஜென்ட் கலந்து முதல்ல வண்டி முழுக்க சாம்பல் அடிச்சு நல்லா காய விட்டு, அதுக்கு மேல வெளிப்பக்கம் மட்டும் மஞ்சள். உள்ள சாம்பலாவே விட்டுட்டோம், ஏன்னா சுரண்டினப்ப உள்ள மஞ்சள் தடயமே இல்ல.

பச்சை அடிக்கறதுலதான் விளையாட்டே. அந்தக் காலத்துல யூனிட்டுகளுக்கு இந்தத் திட்டுக் கலர்கள் பேஸ்டா டின்ல வரும், பெட்ரோல்லயோ தண்ணிலயோ கரைச்சு அடிச்சுக்கணும், தண்ணில கரைச்சது மழைல சீக்கிரம் போயிடும். கம்ப்ரஸர் இல்லாதவங்க பிரஷ், துணின்னு கிடைச்சத வச்சு பூசினாங்க. அதனாலதான் ரெண்டு வண்டி ஒரே மாதிரி இருக்காது. நாங்க தின்னர் தாராளமா ஊத்தி, பிரஷர் குறைச்சு, டேப் ஒட்டாம வெறும் கையால அடிச்சோம். ஓரம் கத்தரிச்ச மாதிரி வரக்கூடாது, அடில மஞ்சள் கொஞ்சம் எட்டிப் பாக்கணும். முதல்ல பழைய தகரத்துல அடிச்சுப் பழகிட்டு, அப்புறம் கதவுல குத்தவச்சு உக்காந்து கீழ இருந்தே அடிச்சேன், அந்த வரிகள்ல நிழல் விழுந்த மாதிரி பச்சை அதே கீழ்ப்பக்கம் நின்னப்ப நண்பர் விசில் அடிச்சுட்டார்.

இனி எழுத்து வேலை. நம்பர் பிளேட் வெள்ளைல கருப்பு, தரைப்படைன்னா டபிள்யூஹெச், விமானப்படைன்னா டபிள்யூஎல், கடற்படைன்னா டபிள்யூஎம்னு ஆரம்பிக்கும். ஷோவுக்கு வர்ற பாதி கூபெல்வாகன்ல வட ஆப்பிரிக்கால சண்டை போட்ட ஜெர்மன் படையோட பனைமர முத்திரைய ஒட்டியிருப்பாங்க, வண்டி ஆப்பிரிக்கா பக்கமே போயிருக்காது. அந்தப் பனைமரத்துல நாஜி ஸ்வஸ்திகா வேற இருக்கு, இங்க ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவுப்படி அத பொதுவுல காட்டறது குற்றம், கல்வி, ஆராய்ச்சி, கலை மாதிரி சில காரணங்களுக்குத்தான் விலக்கு. சட்டம் இல்லன்னாலும் எனக்கு அது வேண்டாம். இந்த வண்டிகளச் செஞ்ச ஃபாக்டரில வதைமுகாம் கைதிகளயும் பிற நாட்டு ஆட்களயும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியிருக்காங்க, ஷோல வண்டி பக்கத்துல வைக்கற போர்டுல அதயும் எழுதறதா பேசி வச்சிருக்கோம்.

இடது முன் மட்கார்டுல நீலத்துக்கு அடில வெள்ளையா ஒரு கோடும் பாதி வளைவும் கிடைச்சது. யூனிட் வகைய காட்டற குறியோட மிச்சமா இருக்கலாம், மீதி துருல போயிடுச்சு. நண்பர் அத முழுசாக்கி வரையலாம்னார், நான் மறுத்துட்டேன், தெரியாத யூனிட்ட கற்பனை பண்ணி எழுதறதுக்கு எழுதாமலே விடலாம். கடைசில அந்த உள்ளங்கை அளவு இடத்த மட்டும் புது பெயிண்ட் படாம மறைச்சு, அசல் கோட்ட அப்படியே விட்டு மேல மேட் வார்னிஷ் பூசியிருக்கோம். மட்கார்டுகள்ல டயர் பிரஷர் எழுத்து மட்டும் பாக்கி, ஸ்டென்சில் வெட்டியாச்சு, ஷெட்டு ஈரம் குறைஞ்சதும் அடிச்சுட வேண்டியதுதான்.